எத்தனை வீதம் என்று கேட்பதற்கு முன்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மலரில் பரீட்சைப் பெறுபேறுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். அந்தப் பக்கத்தைப் பற்றியே பேசப்போகிறேன். கணிதம் படிப்பித்தவளுக்கு வீதக் கணக்கைக் கண்டால் கை சும்மா இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது பாடசாலை சிறியது. ஓர் ஆண்டில் பன்னிரண்டு பிள்ளைகள் சாதாரண தரம் எழுதி, ஒன்பது பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெறுகிறார்கள் என்று வைப்போம். 75 வீதம். அடுத்த ஆண்டும் பன்னிரண்டு பேர்தான். ஒருத்திக்குப் பரீட்சை நேரம் டெங்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் கணிதம் மட்டும் தவறிவிட்டது. ஏழு பேர், 58 வீதம். “பள்ளிக்கூடம் விழுந்துபோச்சு” என்ற கதை வெள்ளவத்தைச் சந்தை வரை போய்விடும். முந்நூறு பேர் எழுதும் கல்லூரியில் இரண்டு பேர் தவறினால் ஒரு வீதம்கூட அசையாது.

அமெரிக்காவிலும் இந்த மயக்கம் இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கேட்ஸ் அறக்கட்டளை சிறிய பாடசாலைகளை உருவாக்கப் பெருந்தொகை கொடுத்தது. மிகச் சிறந்த பாடசாலைகளின் பட்டியலில் சிறியவை கூடுதலாக இருந்தது பலரைக் கவர்ந்திருந்தது. ஹோவார்ட் வெய்னர் என்ற புள்ளிவிபரவியலாளர் பட்டியலின் அடியையும் பார்க்கச் சொன்னார். அங்கும் சிறியவைதான் கூடுதலாக இருந்தன. ஆள்தொகை குறைந்த இடத்தில் எண் அப்படித்தான் துள்ளும்.

ஆகவே எத்தனை வீதம் என்பதற்கு முன் யார் வந்தார்கள், யார் இடையில் போனார்கள் என்று கேட்கவேண்டும்.

1824இல் உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். மழைக்கு அவர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கி, அங்கேயே சாப்பிட்டுத் தங்கிவிட்ட இரண்டு சிறுமிகளிலிருந்து அது தொடங்கியதாகச் சொல்வார்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்றிருந்த ஊரில் அது ஒரு மாற்றுப் பாடசாலைதான். சோறும் உடுப்பும் கொடுத்து, கலியாணத்துக்குச் சீதனமும் கொடுத்துத்தான் ஆரம்பத்தில் பிள்ளைகளைச் சேர்க்க முடிந்தது. வசதியுள்ள குடும்பங்கள் பின்னர்தான் வந்தன. எலைசா அக்னியு அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கே இருந்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். மிஷன் எண்ணியது ஞானஸ்நானம் பெற்றவர்களை. நாம் எண்ணுவது ஒன்பது ‘ஏ’ எடுத்தவர்களை. எதை எண்ணினாலும், முதல் தொகுதிப் பிள்ளைகளையும் மூன்றாம் தலைமுறையையும் ஒரே கோலால் அளக்க முடியாது.

நம்மிடம் வந்தவர்கள் யார்? கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலிருந்து, துறைமுகத் தொழிலாளர் வீடுகளிலிருந்து, மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்களின் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் வெள்ளவத்தையில் பெருகிய பின் அங்கிருந்தும் வந்தார்கள். தொண்ணூறுகளில் லொட்ஜ் அறையில் பெட்டியோடு இருந்து, வெளிநாட்டு விசாவுக்குக் காத்துக்கொண்டே படித்தவர்கள் பலர். ஒரு திங்கட்கிழமை கதிரை வெறுமையாக இருக்கும். கனடா போய்விட்டாள் என்று மத்தியானம் தெரியவரும். கணக்கில் அவள் இடைவிலகியவள். அங்கே போய்ப் பட்டம் பெற்றிருந்தாலும் நமது பெறுபேற்றில் அவள் இல்லை.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வீட்டில் படிக்கும் பிள்ளையும் கொழும்பு மாவட்டப் பிள்ளைதான். நாட்டின் பெயர்போன கல்லூரிகளோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும். மாவட்ட முறையை நான் குறை சொல்லவில்லை. மொனராகலைப் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் ஒரு மாவட்டத்துக்குள்ளே இருக்கும் ஏழ்மை அந்தக் கணக்கில் தெரியாது. அதைச் சங்கமாவது பார்க்கவேண்டும்.

வீதத்தைக் காப்பாற்ற ஒரு குறுக்குவழி இருக்கிறது. தவறக்கூடியவளைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதச் சொல்வது. சில இடங்களில் நடக்கிறது. நமது பக்கத்தில் 100 என்று போடுவதற்காக இங்கே ஒரு பிள்ளைக்கும் அது நடக்கக்கூடாது. அப்படி வரும் 100ஐவிட 58 எனக்குப் போதும்.

பெறுபேற்றுப் பக்கத்தில் நான்கு நிரல் போடுங்கள் என்று மலர்க்குழுவைக் கேட்டிருக்கிறேன்: தரம் 6இல் சேர்ந்தவர், பின்னர் வந்து சேர்ந்தவர், இடையில் போனவர், பரீட்சை எழுதியவர். சித்தியடைந்தவர் அதற்குப் பிறகு வரட்டும். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் பின்னேரக் கணித வகுப்புக்கும், அதற்கு நிற்கும் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் கேட்டிருக்கிறேன். முதல் மாணவிக்குத் தங்கப் பதக்கம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பதக்கத்தின் எடையைக் கொஞ்சம் குறைக்கலாம்.

சேர்வு இடாப்புகளைப் பார்த்துப் பெயர்களைப் படியெடுக்கும் வேலை சனிக்கிழமைகளில் நடக்கிறது. இரண்டு பேர்தான் வருகிறோம், கண்ணும் முன்போல் இல்லை. இடையில் போன வகுப்புத் தோழி இப்போது எங்கே, என்ன படித்தாள் என்று தெரிந்தவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். கொப்பி கொண்டுவந்திருக்கிறேன்.