அழுகிற பிள்ளையைக் கேளுங்கள்

(விழுப்புரத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடுதிக்கு வந்த முதல் மாதத்தில் நம் சேரிப் பிள்ளைகள் அழுவதைப் பற்றிப் பேச வந்திருக்கேன். இதுல என்ன அரசியல் என்பீர்கள். அரசியல்தான்.

ஆறாம் வகுப்புப் பையனை ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்க்கிறார்கள். நேற்றுவரை ஆட்டுக்குட்டியோடு படுத்தவன், அம்மாகூட மல்லாட்டை பிடுங்கப் போனவன். இங்கே தகரப்பெட்டி, மணியடிச்சா சோறு, பேர் தெரியாத முகங்கள். மூணாம்நாள் பஸ் ஏறி ஓடிப்போறான். உடனே ஊர்க்காரன் சொல்கிறான், "இவனுங்களுக்கு எங்க படிப்பு ஏறும்!" ஒரு பிள்ளையின் ஏக்கத்தை ஒரு சாதியின் அறிவுக்குறையாக்குகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு உதவித்தொகைக் கணக்குத் தொடங்க மயிலம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தாங்க. "புள்ள ராவெல்லாம் அழுவுதாம் சார், இட்டாந்துடட்டுமா?" என்றாங்க. "ஏன் அழுவுதுன்னு கேட்டீங்களாம்மா?" என்றேன். யாருமே கேட்கவில்லை.

அதைத்தான் நாம் கேட்கணும். வீட்டு நினைப்பு ராத்திரியில் கூடும், விளையாட்டில் மறையும், வாரங்கள் போகப்போகத் தணியும். ஒரு ஆளை, ஒரு இடத்தை, ஒரு நேரத்தைக் கண்டு பிள்ளை நடுங்கினால் விஷயம் வேறு. அடி, பசி, கக்கூஸ் கழுவச் சொல்வது, சாதி சொல்லித் திட்டுவது எல்லாத்துக்கும் அதே கண்ணீர்தான். "வீட்டு ஏக்கம், சரியாப்போயிடும்" என்று மூடிவிடாதீர்கள்.

ஏக்கம்தான் என்றால் "அழாதே" என்று அதட்ட வேண்டாம். ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசவிடுங்கள். வீட்டுக்குப் போகும் தேதியைச் சொல்லி, சொன்ன தேதியில் அனுப்புங்கள். அதே பக்கத்து ஊர் மூத்த மாணவனைத் துணைக்கு விடுங்கள். அவன் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரணிப் பக்கமிருந்து வந்து, திண்டிவனம் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அம்பேத்கர், அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கச் செய்தார். விடுதி நம் போராட்டம் சேர்த்த சொத்து. அதிலிருந்து ஒரு பிள்ளை ஓடுவது நமக்கு நட்டம்.

2025இல் அரசு இவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தது. நல்ல பெயர். ராத்திரி அழுகிற பிள்ளையின் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

இங்கே கல்லூரி விடுதி மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். ஞாயிறுதோறும் இரண்டு பேராகப் பள்ளி விடுதிகளுக்குப் போங்கள். பெண் பிள்ளைகள் விடுதிக்குத் தோழிகள் போங்கள். காப்பாளரிடம் சொல்லிவிட்டே போங்கள். புத்திமதி வேண்டாம். கேளுங்கள். கேட்டதில் அநியாயம் இருந்தால் மறுநாளே மனுவாக்குங்கள்.