முகாம் பிள்ளைகள் வரும்போது என்ன வேலை கேட்கலாம்?

(திருத்தங்கலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில், நம் உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி, பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் இந்த ஊர்ப் பிள்ளைதான். எங்க அம்மா குழுவுக்கு வரும்போது தீர்மான நோட்டைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வந்தவ, இன்னிக்கு மைக் முன்னாடி நிக்கிறேன். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போய்ட்டு வந்ததைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

என்.எஸ்.எஸ். என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டு வருஷம் 1969, செப்டம்பர் 24-இல் தொடங்கினது. முதல்ல 37 பல்கலைக்கழகத்தில் 40 ஆயிரம் மாணவர்கள். இதில் சேர்ந்த பிள்ளை இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பொது வேலை செய்யணும். அது போக, ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி முகாம் நடத்தணும். மதிப்பெண்ணுக்காக வர்ற பிள்ளைகளும் உண்டு, மனசோட வர்றவங்களும் உண்டு. ரெண்டு பேரையும் நீங்க ஒரு நாளிலேயே கண்டுபிடிச்சுருவீங்க.

நாங்க போனது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. காலையில் சீமைக் கருவேல் வெட்டினோம், வாறுகால் சுத்தம் பண்ணினோம், கண் பரிசோதனைக்கு ஆள் கூட்டிட்டு வந்தோம். இதெல்லாம் எல்லா முகாமிலும் நடக்கிறதுதான். ஒரு மழை பெஞ்சா கருவேல் மறுபடி முளைச்சுரும்.

மூணாவது நாள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனோம். எத்தனை பேர், கழிப்பறை இருக்கா, என்ன வேலை என்று ஒரு தாள். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துற வேலை பார்க்கிற ஒரு அக்கா, எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுக் கேட்டாங்க: "வர்றவுக எல்லாம் எங்ககிட்ட கேட்டு எழுதிட்டுப் போறீக. எங்க தாளை எங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுறா?" அப்படிச் சொல்லிட்டு பானைக்குப் பின்னாடி இருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொட்டினாங்க. ரேஷன் கார்டு, ரெண்டு பேங்க் பாஸ்புக், இன்சூரன்ஸ் ரசீது, மகன் சான்றிதழ் எல்லாம் அதுக்குள்ளதான்.

அன்னிக்கு சாயங்காலம் காளியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பாஸ்புக் படிக்க ஆரம்பிச்சோம். நாலு பேர் வருவாங்கன்னு நினைச்சோம். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கூட்டம்.

பல பாஸ்புக்கில் மே மாசக் கடைசியை ஒட்டி 20 ரூபாயும், சிலதில் 436 ரூபாயும் கழிஞ்சிருந்தது. "பேங்க்காரன் புடிச்சுட்டான்" என்றுதான் எல்லாரும் சொன்னாங்க. அது பிடித்தம் இல்லை அக்கா, காப்பீடு. வருஷம் 20 ரூபாய் கட்டுறது விபத்துக் காப்பீடு, 18 வயசில் இருந்து 70 வரைக்கும். விபத்தில் இறந்தாலோ, ரெண்டு கண்ணோ ரெண்டு கையோ போனாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 50 வயசுக்குள் சேரணும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்னு போயிரும். நூறு நாள் வேலைச் சம்பளத்தை மொத்தமாக எடுத்துட்டு பூஜ்யம் வச்சிருக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

அந்த மருந்து செலுத்துற அக்காவுக்கு ரெண்டுமே கழிஞ்சிருந்தது. ஆனால் நாமினி இடத்தில் புருஷன் பேர். அவர் இறந்து ரெண்டு வருஷம். இந்த வேலையில் காலையில் போனவங்க சாயங்காலம் திரும்புவாங்களா என்று நம்ம பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அக்கா பிள்ளைகள் ரெண்டும் சின்னது. மறுநாளே கூடப் போய் நாமினியை மாத்த எழுதிக் கொடுத்தோம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கா என்று கேட்டோம். பதிவா, அது என்ன என்று திருப்பிக் கேட்டவங்கதான் அதிகம்.

ஏழு நாளில் உருப்படியான வேலை எதுன்னு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். கருவேல் வெட்டினதுக்கு எடுத்த போட்டோதான் பேப்பரில் வந்தது, அது வேற விஷயம்.

நாங்க சொல்லிக் கொடுத்தது கொஞ்சம், வாங்கிட்டு வந்ததுதான் நிறைய. ராத்திரி ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் உட்காருவோம். வீட்டு மூலையில் ஆள் உயரத்துக்கு மண்ணால் செஞ்ச ஒன்று நின்னுச்சு. எங்களில் ஒருத்தி "இது தண்ணித் தொட்டியா?" என்று கேட்க, பாட்டி சிரிச்ச சிரிப்பு! அது குலுக்கை, தானியம் போட்டு வைக்கிறது. கம்பும் குதிரைவாலியும் இதில் நிறைஞ்சு கிடந்த காலத்தைப் பாட்டி ரெண்டு மணி நேரம் சொன்னாங்க. நாங்க சொல் சொல்லாக எழுதி வச்சோம். இடைசெவல் கி.ராஜநாராயணன் அய்யா, கரிசல் சொல்லுக்கே ஒரு அகராதி தொகுத்தவர். பெரிய படிப்பு படிச்சவர் இல்லை, சம்சாரி. பக்கத்து விஜயகரிசல்குளத்தில் 2022-இல் இருந்து தொல்லியல் துறை தோண்டினப்போ சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் கிடைச்சது. மண்ணுக்குள்ள இருக்கிறதை எடுக்க அரசாங்கம் வருது. பாட்டி நெஞ்சுக்குள்ள இருக்கிறதை யார் எடுக்கிறது?

இளவட்டங்கள் கிராமத்துக்குப் போறது புதுசு இல்லை. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ராத்திரி நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. கூடவே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினாங்க. அந்தச் சைக்கிள்தான் எழுத்தை விட வேகமாக ஓடுச்சு என்று எங்க பேராசிரியை சொல்லுவாங்க.

அவங்களே வியட்நாம் பத்தியும் சொன்னாங்க. அங்கே ஹோ சி மின் நகரத்து மாணவர்கள் கோடை லீவில் கிராமத்துக்குப் போய்த் தங்குறாங்க. 1994-இல் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறதாகத் தொடங்கினது, இப்ப 'பசுமைக் கோடை' என்று பேர். மீகாங் ஆற்றுப் பகுதியில் ஊருக்கு ஊர் வாய்க்கால். ஒத்தை மூங்கில் போட்டுக் கடப்பாங்க, அதுக்குப் பேரு குரங்குப் பாலம். அதை எடுத்துட்டு சிமெண்ட் பாலம் கட்ட மாணவர்களும் கை கொடுத்தாங்க. அந்தப் பெண்களும் நம்ம மாதிரியே சீட்டுப் பிடிக்கிறாங்க, அதுக்கு 'ஹுய்' என்று பேர்.

இன்னொன்று நமக்கு ரொம்பக் கிட்டத்தில் உள்ள சங்கதி. வியட்நாமில் 1995-இல் இருந்து வெடிக்குத் தடை. டோங் கி என்ற ஊர் வெடிக்குப் பேர்போன ஊர், இப்ப மரச்சாமான் செய்யுது. ஆனாலும் புத்தாண்டுத் திருவிழாவில் பெரிய வெடி மாதிரி மரத்தில் செஞ்சு, தோளில் சுமந்து ஊர்வலம் போறாங்க. நம்ம நாட்டில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டப்போ, சரம் பின்னிக்கிட்டிருந்த கைகள் என்ன ஆச்சு என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியும். எனக்கு வியட்நாம் போக வாய்ப்பு வந்தால், கோயில் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பெண்களிடம் முதல் வருஷத்தை எப்படிச் சமாளிச்சீங்க என்றுதான் கேட்பேன்.

இப்ப நான் கேட்க வந்தது. முகாம் எந்த ஊரில், என்ன வேலை என்பதை கல்லூரிதான் முடிவு பண்ணுது. அதுக்கு முன்னாடியே கூட்டமைப்பில் இருந்து ஒரு கடிதம் போகட்டும். எங்க குழுக்களில் இத்தனை பேருக்கு நாமினி சரி பார்க்கணும், வாரியத்தில் பதிய உதவணும், பாட்டிமார் கதையைப் பதிவு பண்ணணும் என்று தெளிவாக எழுதுங்க. பிள்ளைகள் உட்காரும்போது குழுவில் இருந்து ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்புக் பார்க்கப் பழகணும். ஏழு நாளில் நாங்க பஸ் ஏறிருவோம். அந்த ரெண்டு பேர் ஊரில்தான் இருப்பாங்க. ஆதார் எண்ணையும் ரகசிய எண்ணையும் மட்டும் எந்தப் பிள்ளையிடமும், என்னிடம் கூட, எழுதிக் கொடுத்துறாதீங்க.

இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால் கடிதத்தை நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன். சாப்பாட்டுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், கம்பங்கூழும் மோர் மிளகாயும் போதும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் காரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.