வலி நின்ற பின்னர்



கல்லடைப்பு நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலே அதனை விரித்துப் பேசுகிறது. ஆயினும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் எங்கள் வடசென்னையோடு அந்நோய் சற்று அதிகமாகவே உறவு கொண்டாடுகிறது என்பது என் எண்ணம். நான் மருத்துவனல்லன், இப்பகுதியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மாணவர் பலர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கின்றனர். உலைமுகத்தில் நிற்பவரும், கண்டெய்னர் லாரியோடு எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவரும், வியர்வையாய் இழந்த நீரைத் திரும்பக் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! நீர் குறையச் சிறுநீர் அடர்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட்டும் கூடிக் கல்லாக உறைகின்றன.

சிறுநீரகத்தில் இருக்கும்வரை அக்கல் பெரும்பாலும் வாய்மூடி இருக்கும். சிறுநீர்க் குழாயில் இறங்கினால்தான் துன்பம். அக்குழாய் பள்ளிப் பிள்ளைகளின் ஓரடிக் கோலுக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. அகலமோ 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். வழி அடைபட்டதும் சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகத்தை விம்மச் செய்கிறது. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்குப் பாயும் அவ்வலி வந்தவரால் படுக்கவும் இயலாது, நிற்கவும் இயலாது.

அவ்வேளையில் வீட்டார் வாழைத்தண்டுச் சாற்றையும் குடம் குடமாய் நீரையும் புகட்டுவர். பீர் குடித்தால் கல் போய்விடும் என்னும் அறிவாளி தெருவுக்கு ஒருவர் உண்டு! நீர் நிரம்பக் குடிப்பது அடுத்த கல் தோன்றாமற் காக்கும். அடைத்துக்கொண்ட கல்லை அது பிடித்துத் தள்ளாது. மருத்துவமனையில் முதலில் தருவது டைக்ளோஃபினாக் போன்ற வலிநீக்கும் மருந்து, பிறகு ஸ்கேன். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களுள் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே இறங்கிவிடுகின்றன.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலியின் கடுமையைக் கொண்டு ஆபத்தை அளக்கலாகாது. வலி குறைவாக இருப்பினும், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அறவே நின்றாலும், உள்ளது ஒற்றைச் சிறுநீரகமாயினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் அது இரத்தத்திற் கலந்து உயிரைக் கொள்ளும். ஊசி மருந்து மட்டும் போதாது. தேங்கியதை வெளியேற்றியாக வேண்டும். உள்ளே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தியோ, முதுகுப்புறமாகத் துளையிட்டோ நீரை வடிப்பார்கள். கல்லைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். 2008ஆம் ஆண்டு முதல் 108 வண்டி ஓடுகிறது. இராயபுரத்தை அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. 1782இல் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது. முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வர்.

இனி அந்தக் குழாயைப் பற்றி. இருமுனையும் சுருண்டிருக்கும் அதனை ஸ்டென்ட் என்பர். அது உயிரைக் காக்கிறது. ஆனால் உடனிருந்து வருத்துகிறது. அடிக்கடி சிறுநீர் முட்டும். கழிக்கும்போது விலாவில் வலிக்கும். சுமை தூக்கினால் செந்நீர் கலக்கும். 2003இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு வினாத்தாள் வகுத்தனர். உறக்கம் எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா, இல்லற வாழ்வு எவ்வாறு என்றெல்லாம் நோயாளியையே கேட்டனர். ஆயுள் முழுதும் வினாத்தாள் திருத்திய எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. விடையறியாத ஆசிரியர், விடையறிந்த மாணவரை வினவும் தேர்வல்லவா அது! குழாயோடு வாழ்ந்தவருள் பெரும்பாலோர் அன்றாட வாழ்வு குலைந்ததென்றே விடையளித்தனர்.

அரைமணிக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டியவர் லாரி ஓட்டுவது எங்ஙனம்? அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணமில்லை. கூலிக்கு யார் பொறுப்பு? ஈ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதிற் சேராத தினக்கூலிக்கு அதுவும் இல்லை. ஆதலால் காய்ச்சலும் கிருமியும் இல்லாதபோது, காத்திருப்பதா, உள்நோக்கிக் கருவியால் உடனே கல்லை உடைப்பதா, 1980இல் மியூனிக் நகரில் தொடங்கிய அதிர்வலை முறையா என்று முடிவு செய்யும் முன், தம் தொழில் இன்னதென்று நோயாளி மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்க வேண்டும்.

வலி நின்றதும் பலர் மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. வலி நின்றாலும் கல் அங்கேயே இருக்கலாம். அடைத்த சிறுநீரகம் ஓசையின்றி நலிந்து போகலாம். குழாய் வைத்தவருக்கோ இது இன்னும் பொல்லாதது. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், அதனை எடுத்துவிட வேண்டும். மறந்தால் குழாயின் மேலேயே கல் படியும். எளிதில் உருவ வேண்டியதை எடுக்க அறுவை மேல் அறுவை நேரும். ஆகவே குழாயை எடுக்கும் தேதியை மருத்துவமனைச் சீட்டில் மட்டும் விட்டுவிடாமல், வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியிலும் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு பெரிய எழுத்தில் குறிக்கச் செய்யுங்கள்.