செய்தி எங்கே கிடைக்கிறது?

(திருப்பத்தூரில் தொழிலாளர் நிருபர்கள் வகுப்பில் ஆற்றிய உரை)



முதலாளி பத்திரிகைகளுக்கு நிர்வாகத்தின் அறிக்கை வீடு தேடி வருகிறது. நமக்குச் செய்தி தருகிறவர்கள் நீங்கள்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரியில் உழைக்கும் தோழனுக்கும், பாலாற்றங்கரையில் நாற்று நடும் தாய்க்கும் தெரிந்ததில் பாதி எந்த நிருபருக்கும் தெரியாது.

ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது, மெய்ப்பிக்க வேண்டும்.

பாலாற்று வழக்கைப் பாருங்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்ற வழக்கு 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே பேசியது கண்ணீர் மட்டுமல்ல, கணக்கு! டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் சொல்லிற்று. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே கோர்ட்டு மறுபடி உத்தரவிட நேர்ந்தது. தீர்ப்போடு நம் வேலை முடிவதில்லை என்பதே இதன் பொருள்.

"வயலுக்காகப் பேசினால் உன் வேலை போகும்" என்று தொழிலாளியை மிரட்டுவார்கள். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து மாண்ட பத்துப் பேரும் தொழிலாளிகளே! வயலைக் கொல்லும் கழிவு உழைப்பவனையும் கொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? கிணறு கெட்டதா? எந்த ஊர், எந்த மாதம் முதல் என்று குறியுங்கள். கூலி குறைந்ததா? கூலிச் சீட்டை வைத்து எழுதுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தனியே விசாரியுங்கள். நிர்வாகத்தின் பதிலையும் கேளுங்கள். அது பொய்யானால், அந்தப் பொய்யே நமக்குச் சாட்சி.

சர்க்கார் காகிதம் வேண்டுமா? 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுக் கொடுங்கள். "எதற்கு?" என்று அதிகாரி கேட்க முடியாது, முப்பது நாளில் பதில் தர வேண்டும். இது வானத்திலிருந்து விழுந்த சட்டமல்ல. ராஜஸ்தானத்து ஏழைகள் 1994 முதல் கூலிக் கணக்கை ஊரார் முன் படிக்க வைத்துப் போராடியதும் சேர்ந்துதான் இச்சட்டம் பிறந்தது.

ஒரு எச்சரிக்கை. நூறு நியாயத்தில் ஒரு எண் தப்பினால், எதிரி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொய்யென்பான். சந்தேகமானதை எழுதாதீர்கள். செய்தி சொன்ன தோழரின் பெயரை உயிர்போல் காப்பாற்றுங்கள். அவருடைய வேலை உங்கள் கையில் இருக்கிறது.

தோழர்களே, பேனா எடுங்கள்! பார்த்ததை எழுதுங்கள், எண்ணி எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள்!