முதல் வரைவில் உண்மையை எழுதுங்கள்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

1954 ஜனவரி 4 அன்று அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் சிகரெட் நிறுவனங்கள் கூட்டாக ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. சிகரெட் தார் தடவப்பட்ட எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்த செய்தி அப்போது மக்களைக் கலங்கடித்திருந்தது. அறிக்கை அந்தச் சோதனையை நடத்திய ஆய்வாளர்களைத் திட்டவில்லை, மரியாதையாகவே பேசியது. புற்றுநோய்க்குக் காரணம் எது என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்தில்லை என்றது. மக்கள் உடல்நலமே எங்கள் தலையாய பொறுப்பு என்றது. ஆய்வுக்குப் பணம் தருவதாகவும் உறுதி கூறியது.

இதை வெறுமனே பொய் என்றால், எந்த வரி பொய் என்று கேட்பார்கள், நாம் திணறுவோம். நம் மொழியில் இன்னும் கூர்மையான சொற்கள் உண்டு. நேர்க்கேள்விக்குச் சுற்றி வளைப்பது மழுப்பல். ஆய்வு நடக்கிறது என்று காட்டி வாயடைப்பது கண்துடைப்பு. விற்பவனே வாங்குபவனின் உடம்புக்காக உருகுவது பசப்பு. ஒவ்வொரு சொல்லும் அடுத்து என்ன கேட்பது என்று கற்றுத் தருகிறது. மழுப்பினால் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். கண்துடைப்பென்றால், ஆய்வின் முடிவு என்றைக்கு, யார் கையில் என்று கேளுங்கள். உங்கள் வயதினர் எல்லாவற்றையும் ‘உருட்டு’ என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தள்ளலில் நேர்மையாகப் பேசுபவரும் அடிபட்டுப் போகிறார். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அந்தச் சிகரெட் நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களைத் தாண்டிய தீர்ப்பில் எழுதியது, அறிக்கை வந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2006-இல்தான்.

1954-இன் அந்த அறிக்கையை ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் சொல் சொல்லாகச் செதுக்கினார்கள். நாளை உங்கள் மேசைக்கும் அப்படியொரு வேலை வரும். ஒரு மருந்து வாந்தியை வரவழைக்கும். ‘சிறு அசௌகரியம்’ என்று எழுதச் சொல்வார்கள். ஆட்களை நீக்குவார்கள், ‘மறுசீரமைப்பு’ என்று எழுதச் சொல்வார்கள். இது பூசி மெழுகுவது என்று அந்த நிமிடமே உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

மறுத்தால் வேலை என்னாகும் என்று கடன் வாங்கிப் படிக்கவைத்த உங்கள் பெற்றோர் இப்போதே கவலைப்படுவார்கள். அந்தக் கவலை நியாயமானது. மறுக்க முடிந்தவர்கள் மறுத்துவிடுங்கள். முடியாதவர்கள், முதல் வரைவில் ‘வாந்தி வரும்’ என்றும் ‘200 பேரை நீக்குகிறோம்’ என்றும் எழுதிக் கோப்பில் வையுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மாற்றச் சொல்பவரே தன் கையால் திருத்திக் கையெழுத்துப் போடட்டும்.