எண்ணெய் விற்கும் நாட்டில் மின்சாரக் கார்

(படிப்பகக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். இஞ்சின் சூட்டில் வெந்த கால், கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால் - இதுதான் என் சம்பாத்தியம். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வண்டியைப் பற்றி என்றால் விடிய விடியப் பேசுவேன்.

மின்சாரக் காரைப் பற்றிப் பேசும்படி படிப்பகத் தோழர்கள் கேட்டார்கள். “காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். பெட்ரோல் கார் என்பது ஓடும் அடுப்பு. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் ஊற்றினால், சக்கரத்தைச் சுற்றுவது இருபது முப்பது ரூபாய்தான். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. மின்சாரக் காரில் இருப்பது பாட்டரியும் மோட்டாரும். மில் தோழர்களுக்கு மோட்டாரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? நின்ற நிலையிலிருந்தே அது பலத்தோடு சுற்றும். எனவே கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை, சைலன்சர் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த மோட்டாரே டைனமோவாகி, பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. பிரேக் கட்டையும் அதிகம் தேய்வதில்லை.

இவ்வளவு நல்ல வண்டி தானாகவே ஜெயித்துவிட்டதா? இல்லை! 1900-ல் அமெரிக்காவில் இருந்த கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். பிறகு ஃபோர்டு கம்பெனியின் மலிவான பெட்ரோல் கார் 1908-ல் வந்தது. கைப்பிடியைச் சுற்றாமலே இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் 1912-ல் வந்தது. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. மின்சாரக் கார் மறைந்தே போயிற்று. ஆக, இயந்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது.

அப்படியானால் வேறு என்ன வேண்டும்? அதற்கு நார்வே நாட்டைப் பாருங்கள். ஐரோப்பாவின் வடகோடியில், சுமார் 55 லட்சம் ஜனங்கள் வாழும் குளிர்நாடு. 1969-ல் அதன் கடலடியில் பெரும் எண்ணெய் வயல் கிடைத்தது. ஆனாலும் மின்சாரக் காரில் உலகத்துக்கே முன்னால் நிற்பது அந்த நாடுதான்!

1989-ல் மோர்டன் ஹார்கெட் என்ற பிரபல பாடகரும், ஃபிரடெரிக் ஹாவ்கே என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தவரும் சேர்ந்து ஒரு சின்ன மின்சாரக் காரைக் கொண்டு வந்தார்கள். சுங்கச் சாவடியில் காசு கொடுக்க மாட்டோம் என்றார்கள். அபராதம் விழுந்தது. கட்டவில்லை. சர்க்கார் காரைப் பறித்து ஏலம் போட்டது. அவர்களே ஏலத்தில் அதைத் திரும்ப எடுத்தார்கள்! ஊரெல்லாம் இதே பேச்சு.

அதன் பின் சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1990-ல் கார் வாங்கும்போது கட்டும் வரி போயிற்று. 1997-ல் சுங்கம் போயிற்று. 2001-ல் நூற்றுக்கு 24 என்றிருந்த விற்பனை வரியும் போயிற்று. 2005-ல் பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய பாதையில் ஓடவும் அனுமதி கிடைத்தது. பெட்ரோல் காருக்கோ வரி கடுமையாகவே இருந்தது. நீண்ட தூரம் ஓடும் நல்ல பாட்டரிகள் வந்ததும் ஜனங்கள் மாறினார்கள். 2024-ல் அங்கு விற்ற புதிய கார்கள் நூற்றில் 89 மின்சாரக் கார்கள்!

ஓட்டுகிறவர்களுக்குக் கஷ்டமே இல்லையா? உண்டு. உறைபனிக் காலத்தில் பாட்டரி சோர்ந்து, ஓடும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சில வண்டிகளில் அதற்கு மேலும் குறையும். சொந்த வீடு உள்ளவர் இரவில் வாசலிலேயே சார்ஜ் போடுவார். அடுக்குமாடிக்காரர் எங்கே போவார்? அவர்களுக்கும் சார்ஜ் வசதி கேட்கும் உரிமையைச் சட்டம் போட்டுத்தான் தர வேண்டியிருந்தது.

தோழர்களே, இப்போதுதான் நம் விஷயத்துக்கு வருகிறேன். வரிச் சலுகையால் முதலில் பயனடைந்தது யார்? புதுக் கார் வாங்கப் பணம் உள்ளவர். தலைநகர் ஆஸ்லோவில் என்ன நடந்தது? பஸ் பாதையில் மின்சாரக் கார்கள் நெருக்கியடித்தன. காரில் தனியாக ஒருவர் சொகுசாகப் போக, பஸ்ஸில் ஐம்பது பேர் பின்னால் காத்துக் கிடந்தார்கள். பஸ் டிரைவர்கள் குரல் எழுப்பினார்கள். 2015-ல், நெரிசல் நேரத்தில் தனி ஆளாக வரும் மின்சாரக் காருக்கு ஒரு பெரிய சாலையின் பஸ் பாதையில் இடமில்லை என்று விதி வந்தது. 2023-ல், காரின் விலையில் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு விற்பனை வரி திரும்பவும் வந்தது. அது அப்போது நம் பணத்தில் சுமார் 40 லட்சம் ரூபாய். அவ்வளவு விலைக்கு வாங்குகிறவருக்குக் கூட இருபது ஆண்டுகளுக்கு மேல் முழு வரிவிலக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள்!

இன்னும் ஒன்று. நார்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்வீழ்ச்சி தருவது. அதனால் அங்கே கார் உண்மையிலேயே புகையைக் குறைக்கிறது. ஆனால் தோண்டிய எண்ணெயை அந்த நாடு இன்றும் வெளியே விற்கிறது. புகை வேறு ஊரில் எழுகிறது. பல பாட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட் என்ற உலோகத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் கிடைக்கிறது. அங்கே சில சுரங்கங்களில் கூலிகள் வெறுங்கையால் தோண்டுகிறார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

மின்சார வண்டி வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை! இஞ்சின் புகையை முப்பது ஆண்டு குடித்தவன் அப்படிச் சொல்வானா? அது வரட்டும். ஆனால் வரும்போது நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். மின்சாரம் எதிலிருந்து வருகிறது? சலுகைப் பணம் யார் பையிலிருந்து போகிறது, யார் பைக்குச் சேருகிறது? முதல் மின்சார வண்டி பணக்காரர் வீட்டு வாசலில் நிற்குமா, நாம் காத்திருக்கும் பஸ் நிறுத்தத்தில் நிற்குமா?

நார்வேயில் பஸ் டிரைவர்கள் கேட்டார்கள், விதி மாறியது. கேட்காமல் எங்கேயும் மாறியதில்லை.