ழான் என்றொரு பெயர்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவா என்று நினைத்திருப்பீர்கள். அதை நான் கிளினிக்கில் தினமும் பேசுகிறேன். இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் அதிலிருந்து லீவு. ஒரு பெயரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்த ரீச்சர் ஒருவர், இவரும் நம் பழைய மாணவிதான், இப்போது பாரிசில் மகளோடு இருக்கிறா. போன வருடம் பேத்தி பிறந்தாள். மகள் வைத்த பெயர் ழான். "என்ன பிள்ளை இது, ஆம்பிளப் பேர் மாதிரிக் கிடக்கு?" என்று எனக்குத் தொலைபேசி எடுத்தா. பிரெஞ்சு எழுத்தோசையைப் பாண்டிச்சேரிக்காரர் ழகரம் போட்டு எழுதுவதால் ஆண் பெயரும் பெண் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. சொல்லும்போது பெண் பெயரில்தான் கடைசி னகரம் தெளிவாகக் கேட்கும்.

பழைய பெயர் அது. யோவான் என்பதன் பெண்பால். லூக்கா சுவிசேஷத்தில் யோவன்னாள் என்று வருகிறவளின் பெயரும் இதுதான். கடவுள் அருளினார் என்று பொருள். அதனால்தான் நம் கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்றார்கள். "அப்படியென்றால் உங்கள் பேத்தி அருளம்மாதான் ரீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தா.

அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவள் ழான் தார்க். நாம் புத்தகத்தில் ஜோன் ஒஃப் ஆர்க் என்று படித்தோமே, அவள்தான். 1431இல் ரூவான் நகரில் உயிரோடு எரித்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது அளவில். உயர்தரப் பரீட்சை எழுதும் வயது. வழக்கில் முதலில் பெயரைக் கேட்டார்கள். ஊரில் ழானெத் என்பார்கள், இங்கு வந்த பிறகு ழான் என்கிறார்கள் என்று பதில் சொன்னாள். அதாவது வீட்டுப் பெயர் ஒன்று, வெளிப் பெயர் ஒன்று. எழுத வாசிக்கத் தெரியாதவள். ஆனாலும் தன் பெயரை மட்டும் ஒப்பமிட்ட கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. அவள் சொன்னவை நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவளைக் கொன்றவர்களின் எழுதுவினைஞர்கள். 1456இல் அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்றார்கள், 1920இல் புனிதர் என்றார்கள். பெர்னாட் ஷா நாடகம் எழுதினார். 1928இல் டிரையர் எடுத்த மௌனப் படத்தில் அவளாக நடித்த ஃபல்கொனெத்தியின் முழுப் பெயரிலும் ஒரு ழான் உண்டு. பாரிசில் இருக்கும் தங்கைமாருக்கு ஒன்று: லாச்சப்பலில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வடக்கே கொஞ்சம் நடந்தால் சென் தெனி தேவாலயம் வரும். 1429 செப்டெம்பரில் பாரிசைத் தாக்குவதற்கு முதல் அவள் செபித்த இடம்.

இரண்டாவது ழான் தமிழ் மண்ணில் பிறந்தவள். 1706இல் பாண்டிச்சேரியில், கம்பனி வைத்தியர் ஒருவரின் மகளாக. பிறகு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் மனைவி. தமிழ் பேசுவாள், உள்ளூர் அரசர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தாள். அவளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. பிள்ளைக்கு அவளைக் கண்ணிலும் காட்டக்கூடாது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்ததில் அவளுக்குப் பங்கு உண்டு என்று எழுதி வைத்தார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அவள் பக்கத்துக் கதையை அவள் கையால் எழுதிய ஒரு நாட்குறிப்பு இருந்தால் நான் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

மூன்றாவது ழானை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், அறியாமலே. நம் பாடசாலை மதிலில் இருந்த கடதாசிப்பூ நினைவிருக்கிறதா? பூகன்வில் என்ற கப்பல் தலைவனின் பெயரை அதற்கு வைத்தவர் கொமெர்சன் என்ற தாவரவியலாளர். அவருக்கு உதவியாளாக ஆண் உடுப்புப் போட்டுக் கப்பலேறியவள் ழான் பாரே. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அறியப்படுகிறவள். மூட்டை சுமந்தாள், செடி பறித்தாள். 1785இல் கடற்படை அமைச்சு ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் கொடுத்தது. ஒரு செடிக்கு அவள் பெயர் நிலைப்பதற்கு 2012 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதுவும் தென்னமெரிக்காவில், நம் கத்தரிக்காயின் சொந்தக்காரச் செடி ஒன்றுக்கு.

மொன்றியலில் இருக்கும் அக்காமார் கோபிக்கக் கூடாது. உங்கள் நகரின் முதல் வைத்தியசாலையை நிறுவிய ழான் மான்சையும் வணங்கிவிட்டு மேலே போகிறேன்.

இனி என் பிழை ஒன்று. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில், கிளினிக் கொப்பியைப் பார்த்து ஓர் அம்மாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டேன். ஒருவரும் எழும்பவில்லை. கொப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மத்தியானம் வாங்கில் அவர் மட்டும் மிஞ்சியிருந்தார். அடையாள அட்டையில் இருந்த பெயரை அவர் வாழ்நாளில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். காலையில் சாப்பிடாமல் வந்தவர், சீனி குறைந்து வியர்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் முதலில் கேட்பது, "வீட்டில என்னண்டு கூப்பிடுவாங்கள் அம்மா?"

இந்த மலருக்காக ஆரம்பகால மாணவிகளின் பட்டியலைத் தேடினோம். பழைய இடாப்புகள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. கிடைத்த ஒரு கடதாசியில் பல இடங்களில் தகப்பன் பெயர் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் "மகள்" என்று. கிளிவெட்டியிலும் மேன்காமத்திலும் இருக்கும் எண்பது தாண்டிய ஆச்சிமாருக்கு அந்த மகள்மாரின் பெயர்கள் தெரியும். அவர்களிடம் போய்க் கேட்க இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று ஒரு வைத்தியரிடம் கேளாதீர்கள். இந்த விடுமுறைக்குள் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் கேளுங்கள். இடாப்புப் பெயர், வீட்டுப் பெயர், வகுப்பில் வைத்த பட்டப் பெயர் எல்லாம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

முதல் கடிதம் பாரிசில் இருந்து வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் பயந்து நடுங்கிய ரீச்சரை வீட்டில் குஞ்சு என்றுதான் கூப்பிட்டார்களாம்.